ஏற்றமும் இறக்கமும் கூறும் ஆங்கிலச் சொற்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது முறையாகுமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணித் தயங்கினேன். நான் புலவன் அல்லேன். பத்தாம் வகுப்போடு என் கல்வி நின்றது. தந்தையார் பணியில் இருக்கும்போதே மறைந்தமையால், இளமையிலேயே புகைவண்டித் துறையில் எழுத்தனாக அமர்ந்தேன். நான் கற்ற ஆங்கிலம் அலுவலகக் கோப்புகளில் கற்ற ஆங்கிலமே.

ஆயினும் மட்டாஞ்சேரியில் வாழும் தமிழராகிய நம் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நமக்கு வீட்டிலே தமிழ், தெருவிலே மலையாளம், தபாலிலே ஆங்கிலம். வங்கிக் கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. வேலைக்கான ஒப்பந்தம் ஆங்கிலத்தில் வருகிறது. காப்புறுதித் தாள் ஆங்கிலத்தில் வருகிறது. அவற்றுள் பெரும்பாலானவை ஒன்றையே கூறுகின்றன: ஏதோ ஒன்று கூடிற்று, அல்லது ஏதோ ஒன்று குறைந்தது. கூடியது நம் சம்பளமா, நம் கடனா? குறைந்தது எவ்வளவு? இதைத் தவறாகப் படித்தால் நட்டம் நம்முடையதே. அந்த நட்டம் ஒரு குடும்பத்துக்கு என்னாலேயே நேர்ந்தது. அதனை இந்த அவையிலே ஒப்புக்கொண்டு தொடங்குவதே நேர்மை.

பல ஆண்டுகளுக்கு முன்பு, நம் தெருவில் வாழ்ந்த இளைஞர் ஒருவர் ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். அவருடைய தந்தையார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மிளகுக் கிடங்கில் மூட்டை சுமந்தவர். இளைஞருக்கு வளைகுடா நாட்டில் வேலை கிடைத்திருந்தது. தொடக்கச் சம்பளம் 1,000 திர்ஹாம். "ஆறு மாதத்துக்குப் பின் என்ன தருவார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள், அண்ணாச்சி" என்றார். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெருவில் ஆங்கிலம் அறிந்தவன் என்ற பெருமையோடு படித்தேன். "ஆறு மாதத்துக்குப் பின் 1,200 திர்ஹாம் கூட்டித் தருவார்கள், ஆக 2,200" என்றேன். அவருடைய அன்னையார் என்னை வாழ்த்தினார். அந்தக் கணக்கை நம்பிக் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார், வட்டிக்கும் வாங்கினார்.

ஆறு மாதம் கழிந்தது. சம்பளம் 1,200 திர்ஹாம் ஆயிற்று. கூடியது 200 மட்டுமே.

அந்த நிறுவனத்தின் மீது குற்றம் இல்லை. கடிதத்தில் இருந்த சொல் 'இன்கிரீஸ்ட் டு' என்பது. நான் படித்தது 'இன்கிரீஸ்ட் பை' என்று. 'டு' என்றால் அந்த அளவு வரை சென்று சேர்வது. 'பை' என்றால் அந்த அளவு மேலே சேர்வது. இரண்டெழுத்துச் சொல் ஒன்று ஒரு குடும்பத்தின் ஆறு மாதக் கணக்கையே கவிழ்த்துவிட்டது. அன்று முதல் ஏற்றமும் இறக்கமும் கூறும் ஆங்கிலச் சொற்களைக் காணுந்தோறும் நான் நின்று, எண்ணி, பிறகே படிக்கிறேன். அவ்வாறு நின்று எண்ணியதில் கிடைத்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, நான் இடறி விழுந்த அந்தச் சிறு சொற்களையே எடுத்துக்கொள்வோம். நம் தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு. 'ஆயிரத்து இருநூறு உயர்ந்தது' என்பது வேறு. 'ஆயிரத்து இருநூறாக உயர்ந்தது' என்பது வேறு. 'ஆக' என்னும் இரண்டெழுத்து நம் மொழியில் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'டு' செய்கிறது. எந்தத் தமிழ்க் குழந்தையும் இவ்விரண்டையும் மயங்காது. மயங்கியவன் நானே, ஏனெனில் எண்ணைப் பார்த்தேன், எண்ணுக்கு முன் நின்ற சொல்லைப் பார்க்கவில்லை. ஆதலின் கடிதத்தில் எண் வரும்போதெல்லாம் அதற்கு முன் நிற்கும் சொல்லில் விரல் வைத்துப் படியுங்கள். 'ஃப்ரம்' என்பது புறப்பட்ட இடம். 'டு' என்பது சேர்ந்த இடம். 'பை' என்பது நடந்த தொலைவு. புகைவண்டித் துறையில் இருப்பவனுக்கு இவ்வுவமையே தோன்றுகிறது. எர்ணாகுளத்திலிருந்து ஆலுவா வரை என்பதும், இத்தனை கிலோமீட்டர் என்பதும் ஒன்றாகுமா?

'அப் டு' என்று மற்றொரு கூட்டுச்சொல் உண்டு. இதனிடம் மிக்க விழிப்பு வேண்டும். 'அப் டு 50 பர்சென்ட்' என்று துணிக்கடை வாயிலில் எழுதியிருந்தால், பாதி விலை என்று பொருள் அன்று. 50க்கு மேல் போகாது என்று மட்டுமே பொருள். 5 விழுக்காடு குறைத்தாலும் அவர் வாக்குத் தவறியவர் ஆகார்.

இரண்டாவது, ஏற்றம் தானே நிகழ்ந்ததா, ஒருவர் நிகழ்த்தினாரா என்பது. நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோம் அல்லவா? 'விலை உயர்ந்தது' என்பது தன்வினை. 'விலையை உயர்த்தினர்' என்பது பிறவினை. ஆங்கிலத்தில் முன்னதற்கு 'ரைஸ்', பின்னதற்கு 'ரெய்ஸ்'. ஒலி நெருங்கியிருப்பதால் நம்மவர் இவற்றை மாற்றி எழுதுகின்றனர். (முன்னதைச் சோறு என்று கொள்ளாதீர்கள், அது ஒலியளவில் உறவேயன்றிப் பொருளளவில் அன்று!) கதிரவன் எழுவது 'ரைஸ்'; கையை உயர்த்துவது 'ரெய்ஸ்'. வாடகை 'ரோஸ்' என்று வீட்டுக்காரர் எழுதினால் அது தானாகவே கடல் அலைபோல் எழுந்தது என்று ஆகிறது. 'ரெய்ஸ்ட்' என்று எழுதினால் உயர்த்தியவர் ஒருவர் உண்டு என்பது வெளிப்படுகிறது. 'இன்கிரீஸ்' என்பதோ இரண்டுக்கும் பொது. ஆதலால்தான் அலுவலகங்கள் அதனை மிகவும் விரும்புகின்றன.

'ரெட்யூஸ்' என்னும் சொல்லிலும் இவ்வுண்மை உண்டு. அது பெரும்பாலும் பிறவினையாகவே வரும்; குறைப்பவர் ஒருவர் வேண்டும். மருத்துவர் மருந்தின் அளவை 'ரெட்யூஸ்' செய்வார். ஓட்டுநர் வண்டியின் வேகத்தை 'ரெட்யூஸ்' செய்வார். ஆனால் நாம் காய்ச்சல் 'ரெட்யூஸ்ட்', மழை 'ரெட்யூஸ்ட்', கூட்டம் 'ரெட்யூஸ்ட்', வெள்ளம் 'ரெட்யூஸ்ட்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை ஓட்டுகிறோம். ஒரே சாவியால் ஊரிலுள்ள பூட்டுகளை எல்லாம் திறக்க முயல்வதை இது ஒக்கும்.

இதுவே நான் கூற விரும்பும் மூன்றாவது செய்தி. ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய முறையில் கூடுகிறது. தனக்கே உரிய முறையில் குறைகிறது. இதனைத் தமிழர்க்குக் கற்பிக்க வேண்டுமா? நம் வீட்டு மூதாட்டியார் எவ்வாறு பேசுகிறார் என்று கேளுங்கள். வெள்ளம் வடிந்தது என்பார். காய்ச்சல் தணிந்தது என்பார். வீக்கம் வற்றியது என்பார். விலை இறங்கியது என்பார். பசி அடங்கியது என்பார். சினம் ஆறியது என்பார். நிலவு தேய்ந்தது என்பார். இத்தனைக்கும் 'குறைந்தது' என்று ஒரே சொல்லைச் சொன்னால் அவர் நகைப்பார். இவ்வளவு நுட்பமாகத் தமிழ் பேசும் நாம், ஆங்கிலம் எழுதும்போது மட்டும் ஏன் ஒரே சொல்லோடு அமைய வேண்டும்?

வெள்ளம் வடிவதற்கு ஆங்கிலத்தில் 'ரிசீட்' என்பர். 2018 ஆகஸ்டு மாதத்தை நம்மில் யார் மறப்பார்? பெரியாறு பெருகிற்று. நெடும்பாசேரி விமான நிலையம் ஆகஸ்டு 15இல் மூடப்பட்டு 29ஆம் நாளே மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் நம் வில்லிங்டன் தீவின் கடற்படை ஓடுதளத்தில் பயணிகள் விமானம் இறங்கிற்று. அந்நாட்களில் ஒவ்வொரு செய்தியிலும் நாம் தேடிய சொல் 'ரிசீட்' என்பதே. வெள்ளம் பின்வாங்கிச் செல்கிறது என்பது அதன் பொருள். காய்ச்சலுக்கு 'கேம் டவுன்', வீக்கத்துக்கு 'சப்சைட்', மழைக்கும் வலிக்கும் 'ஈஸ்', கூட்டம் கலைவதற்கு 'தின் அவுட்'. நிலவு வளர்தல் 'வேக்ஸ்', தேய்தல் 'வேன்'. நம் காயலில் நாள்தோறும் காணும் ஓதத்துக்கு, ஏறும்போது 'ஃப்ளோ', இறங்கும்போது 'எப்'.

சிறிது சிறிதாகக் குறைந்து மறையும் நிலையில் நிற்பதற்கு 'ட்விண்டில்' என்று ஒரு சொல் உண்டு. இச்சொல்லின் பொருளை அறிய அகராதி வேண்டா. யூதர் தெருவுக்கு நடந்து சென்றால் போதும். 1568இல் எழுந்த பரதேசி ஜெபாலயம் அங்கே நிற்கிறது. இஸ்ரேல் நாடு 1948இல் தோன்றிய பின் அத்தெருவின் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. எஞ்சியோர் முதுமையில் மறைந்தனர். இன்று வழிபடுவோரைக் காட்டிலும் காண வருவோரே மிகுதி. இதனை 'டிக்ரீஸ்' என்று எழுதினால் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் அந்தத் தெருவின் துயரம் அதில் இராது. 'ட்விண்டில்' என்று எழுதும்போது, எண்ணெய் வற்றிச் சுருங்கும் விளக்குச் சுடர் கண்முன் தோன்றுகிறது.

எண்ணக்கூடியவற்றுக்கும் எண்ணக்கூடாதவற்றுக்கும் வேறுபாடு உண்டு. வண்டிகள் 'ஃப்யூயர்', நேரம் 'லெஸ்'. விலை 'ஹை' ஆகும். பொருள்தான் 'காஸ்ட்லி' ஆகும். 'விலை காஸ்ட்லி' என்று எழுதுவது, 'எடை கனமாக இருக்கிறது' என்று கூறுவது போன்ற இரட்டிப்பே.

நான்காவதாக வருவது விழுக்காடு. இங்கேதான் படித்தவரும் வழுக்குகின்றனர். எங்கள் துறையிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். மத்திய அரசு ஊழியர்க்கு அகவிலைப்படி 2024 சனவரி முதல் 50 விழுக்காடு. அவ்வாண்டு சூலை முதல் 53 விழுக்காடு. 'மூன்று பர்சென்ட் உயர்வு' என்று நாளேடுகள் எழுதின. அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய படி 15,000 ரூபாயிலிருந்து 15,900 ரூபாய் ஆயிற்று. கூடியது 900 ரூபாய். இந்த 900 அடிப்படைச் சம்பளத்தில் மூன்று விழுக்காடு. அவர் முன்பு பெற்ற படியில் ஆறு விழுக்காடு. இரண்டும் சேர்ந்து பெற்ற 45,000 ரூபாயில் இரண்டு விழுக்காடு. மூன்று, ஆறு, இரண்டு: மூன்றும் உண்மையே! எதனுள் எவ்வளவு என்று கூறாத விழுக்காடு, ஊர்ப்பெயர் இல்லாத பயணச்சீட்டு.

இம்மயக்கத்தைப் போக்கவே ஆங்கிலத்தில் 'பர்சென்டேஜ் பாயின்ட்' என்ற தொடர் உண்டு. விழுக்காட்டுப் புள்ளி என்று கூறலாம். 50லிருந்து 53க்குச் சென்றால் மூன்று புள்ளி ஏறிற்று என்பதே பிழையற்ற கூற்று. அப்புள்ளியை நூறாகப் பகுத்தால் ஒரு பங்கு 'பேசிஸ் பாயின்ட்' எனப்படும். வீட்டுக் கடன் வாங்கியவர்கள் இதனை நன்கு அறிய வேண்டும். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே 4ஆம் நாள் 4 விழுக்காட்டிலிருந்து 4.40 ஆயிற்று, படிப்படியாக ஏறி 2023 பிப்ரவரியில் 6.50 ஆயிற்று. அஃதாவது 250 பேசிஸ் பாயின்ட். 250 என்னும் எண்ணைக் கண்டு அஞ்சாதவர் யார்? ஆனால் அது இரண்டரைப் புள்ளியே. இரண்டரைதானே என்று அலட்சியம் செய்தாரும் தவறினர். ஏனெனில் 4 என்பது 6.50 ஆவது அறுபத்திரண்டரை விழுக்காட்டு ஏற்றம். அச்சமும் வேண்டா, அலட்சியமும் வேண்டா. அளவு தெரிந்தால் போதும்.

நம் சங்கத்தில் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல். 2025 செப்டம்பர் 22 முதல் தலைக்கு இடும் எண்ணெய், பற்பசை போன்றவற்றின் சரக்கு சேவை வரி 18லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. 13 விழுக்காடு விலை குறைய வேண்டும் என்று வாங்குவோர் வாதிட்டிருக்கலாம். 100 ரூபாய்ப் பொருள் முன்பு 118, பின்பு 105. குறைந்தது 13 ரூபாய். ஆனால் 118இல் 13 என்பது 11 விழுக்காடே. வரி குறைந்தது 13 புள்ளி. விலை குறைந்தது 11 விழுக்காடு. இதனைப் பொறுமையோடு விளக்கத் தெரிந்த கடைக்காரருக்குச் சண்டை இல்லை.

ஐந்தாவதாக, இறங்கிய படியும் ஏறும் படியும் ஒன்றல்ல என்பதை நம் மிளகே கற்பித்தது. இத்தெருக்களின் கிடங்குகளில் உழைத்த நம் முன்னோர்க்கு மிளகின் விலையே நாடித் துடிப்பு. 1957இல் தோன்றிய மிளகு வணிகர் சங்கத்தின் கட்டடத்திலே ஒரு காலத்தில் தரகர்கள் விலையைக் கூவுவர். அக்கூச்சல் இன்று அடங்கிவிட்டது. 2015ஆம் ஆண்டளவில் கிலோ ஏறத்தாழ 700 ரூபாய் விற்ற மிளகு, 2019இல் ஏறத்தாழப் பாதியாயிற்று. இடையே 2017 திசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்து இறக்குமதி செய்யலாகாது என்று அரசு வரம்பு விதித்தும் வீழ்ச்சி நிற்கவில்லை. 700 என்பது 350 ஆனால் 50 விழுக்காடு வீழ்ச்சி. மீண்டும் 700 ஆக வேண்டுமானால் 50 விழுக்காடு ஏறினால் போதுமா? போதாது, 525இல் நின்றுவிடும். 100 விழுக்காடு ஏற வேண்டும். விழுவது பாதி, எழுவது முழுதும். 2024இல் விலை 600ஐக் கடந்து மேலே வந்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளின் இழப்பை எந்த விழுக்காடும் ஈடு செய்யாது. இவ்வகைப் பெருவீழ்ச்சிக்கு 'டிக்ரீஸ்' என்பது மென்மையான சொல்; 'ஸ்லம்ப்' என்பதே தகும். ஒரே நாளில் பாய்ந்து ஏறினால் 'ஜம்ப்', வானளாவினால் 'சோர்', அடிமேல் அடி வைத்து ஏறினால் 'க்ரீப்'. இவற்றுள் எதனையும் உண்மைக்கு மிஞ்சிப் பயன்படுத்தலாகாது. இரண்டு ரூபாய் ஏற்றத்துக்கு 'சோர்' என்று எழுதுவது, குட்டையைக் கடல் என்பது போலாகும்.

இறுதியாக, ஏற்றத்தை ஏற்றம் என்று கூறாத சொற்களும் உண்டு. 'ரிவிஷன்' என்றால் திருத்தம். 'ரேஷனலைசேஷன்' என்றால் சீரமைப்பு. நான் உண்ணும் சோற்றை அளிக்கும் துறையும் 2025 சூலை 1 முதல் பயணக் கட்டணத்தை மாற்றியபோது இச்சீரமைப்புச் சொல்லையே கையாண்டது. உண்மையில் அது சிறிய ஏற்றமே. குளிர்சாதனம் இல்லாத விரைவு வண்டியில் கிலோமீட்டருக்கு ஒரு காசு. 700 கிலோமீட்டர் செல்பவருக்கு 7 ரூபாய். இதனைக் குறை என்று கூறவில்லை. திருத்தம் என்றோ சீரமைப்பு என்றோ ஒரு கடிதம் வந்தால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே எழுதிப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். சொல் மறைக்கலாம், கழித்தல் கணக்கு மறைக்காது.

அன்பர்களே, இதுவரை கூறியவற்றை மூன்று கேள்விகளாகச் சுருக்கலாம். எது கூடிற்று, அல்லது எது குறைந்தது? யாரால்? எங்கிருந்து எதுவரை? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும் வரையில் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டா. எந்தச் சங்கிலியையும் அடகுக்கடைக்குக் கொண்டு செல்ல வேண்டா.

அந்த இளைஞர் என்ன ஆனார் என்று நீங்கள் கேட்பீர்கள். கடனை அடைத்தார், நினைத்ததைவிட நெடுங்காலம் ஆயிற்று. அன்னையாரின் சங்கிலி மீட்கப்பட்டது. முதல் விடுமுறையில் ஊர் வந்தபோது அவர் முகத்தைக் காண அஞ்சி நான் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். அவரோ என் வீடு தேடி வந்தார். "அந்தக் கடிதத்தை நானும்தானே பார்த்தேன், அண்ணாச்சி? நீங்கள் சொன்னீர்கள் என்று நானும் விட்டுவிட்டேன். இனிமேல் இருவருமாகச் சேர்ந்து படிப்போம்" என்றார். அவர் என்னை ஏசியிருந்தால் நான் மறந்திருப்பேன். அச்சொல்லை மறக்க இயலவில்லை.

ஆதலின் நம் சங்கத்தின் முன் ஒரு சிறு விண்ணப்பத்தை வைக்கிறேன். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் படிப்பறையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆங்கிலக் கடிதம் வைத்திருப்போர் கொண்டு வரட்டும். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் உடன் அமரட்டும். ஒருவர் படிக்க, மற்றொருவர் சரிபார்க்கட்டும். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும். நானும் வருவேன், கற்பிப்பவனாக அன்று, விரல் வைத்துப் படிக்கும் பழைய மாணவனாக வருவேன். தாய்மொழியின் நுட்பத்தை நன்கு அறிந்தவன் பிறமொழியிலும் ஏமாறான் என்பதை நம் தெருவிலிருந்தே மெய்ப்பிப்போம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!